படகுக்கு முன்னே துறை

2023 ஏப்ரல் 25 அன்று கொச்சி நீர் மெட்ரோ தொடங்கிவைக்கப்பட்டபோது பேச்செல்லாம் படகைப் பற்றியே இருந்தது. அலுமினிய உடல், குளிரூட்டிய உள்ளறை, மின்கலத்தில் ஓடும் இயந்திரம், உள்ளூர்க் கப்பல் கட்டும் தளத்திலேயே செய்து இறக்கிய பெருமை. படகு நல்ல படகுதான், அதில் ஐயமில்லை. ஆனால் நீர்வழிப் போக்குவரத்து ஒரு நகரத்தில் வேரூன்றுமா, இல்லை சுற்றுலாச் சவாரியாகச் சுருங்கிப்போகுமா என்பது படகின் கையில் இல்லை. அது எங்கே வந்து அணைகிறது, இறங்கியவர் அடுத்து எங்கே கால் வைக்கிறார் என்பதில் இருக்கிறது. ஒரு மெட்ரோ ரயில் நிலையத்துக்கு எத்தனை வரைபடம் போடுகிறோம், எத்தனை விவாதம் நடத்துகிறோம்! படகுத்துறை என்றால் மட்டும் ஒரு கூரையும் டிக்கெட் ஜன்னலும் போதும் என்று நினைத்துவிடுகிறோம்.

அன்றாடம் வேலைக்குப் போய்வருகிறவர் தண்ணீரில் கழிகிற நேரத்தை மட்டும் எண்ணுவதில்லை. வீட்டு வாசலிலிருந்து துறைக்கு நடை, டிக்கெட் வரிசை, காத்திருப்பு, ஏறுவது, கடப்பது, இறங்குவது, மறுகரையில் பேருந்தோ ஆட்டோவோ பிடிப்பது, இத்தனையும் சேர்ந்ததுதான் அவருக்குப் பயணம். கொச்சியில் உயர் நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பின் தீவுக்குப் படகில் சுமார் 20 நிமிடம். இரு முனையிலும் பதினைந்து பதினைந்து நிமிடம் வீணானால் அது 50 நிமிடம் ஆகிவிடும். பைக் வைத்திருப்பவர் அதற்குள் பாலத்தின் வழியாகப் போய்ச் சேர்ந்து டீ குடித்து முடித்திருப்பார். வண்டிக்குள் உட்கார்ந்து கழிகிற ஒரு நிமிடத்தைவிட, நின்று காத்திருக்கிற ஒரு நிமிடம் பயணிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளமாகத் தெரியும் என்பது போக்குவரத்துத் திட்டக்காரர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. படகின் வேகத்தைக் கூட்டி இதை ஈடுகட்ட முடியாது. வேகம் கூடினால் அலை எழும்பிக் கரையை அரிக்கும், சின்ன வள்ளங்களை ஆட்டிவிடும், மீனவர்களின் ஊன்றுவலைகளைக் கெடுக்கும். குறுகிய காயலில் எந்தப் படகும் ஓரளவுக்கு மேல் விரையக்கூடாது. மிச்சம் பிடிக்கக்கூடிய நிமிடங்கள் எல்லாம் கரையில்தான் கிடக்கின்றன.

இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுக் கட்டிய ஊர் கனடாவின் வான்கூவர். 1977-இல் அங்கே தொடங்கிய சீபஸ் சேவை, நகர மையத்தையும் துறைமுக நீரின் வடகரையையும் சுமார் 12 நிமிடத்தில் இணைக்கிறது. படகு இரு முனையும் ஒரேமாதிரி அமைந்தது, ஆகவே அது திரும்ப வேண்டிய வேலையே இல்லை. அது நுழைந்து நிற்கும் இடத்துக்கு இரு பக்கமும் மேடை. ஒரு பக்கத்துக் கதவுகள் திறக்க, வந்தவர்கள் இறங்குகிறார்கள். மறுபக்கத்துக் கதவுகள் திறக்க, காத்திருந்தவர்கள் ஏறுகிறார்கள். இறங்குகிறவரும் ஏறுகிறவரும் முட்டிக்கொள்வதே இல்லை. சுமார் 400 பேர் கொள்ளும் படகு இரண்டு நிமிடத்துக்குள் காலியாகி நிரம்பிவிடுகிறது. தென்கரைத் துறை ஒரு பழைய ரயில் நிலையத்தோடு ஒட்டியது. 1980-களின் நடுவில் ஸ்கைட்ரெயின் என்னும் மெட்ரோ ரயில் வந்தபோது அதுவும் அதே கூரையின் கீழ் வந்து நின்றது. படகு, ரயில், பேருந்து மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு. வான்கூவரின் படகு வேகத்தில் சாதனை படைத்ததல்ல. துறையின் அமைப்புதான் அதை அரை நூற்றாண்டாக ஓடவைத்திருக்கிறது.

துறை செழித்து, அழிந்து, மீண்ட கதை சான் பிரான்சிஸ்கோவினுடையது. ஏ. பேஜ் பிரவுன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த படகு மாளிகை 1898-இல் திறக்கப்பட்டது. 245 அடி உயர மணிக்கூண்டு. எதிரே மார்க்கெட் தெருவின் டிராம் வண்டிகள் வளைந்து திரும்பும் வட்டம். விரிகுடாவின் மறுகரைகளில் குடியிருந்த ஆயிரக்கணக்கானோர் படகில் வந்து இறங்கி, சில அடி நடந்து, டிராமில் ஏறினார்கள். 1930-களில் நாளொன்றுக்கு 50,000 பேர் அளவில் இந்தத் துறையைக் கடந்து போனதாகக் கணக்கு. 1936 நவம்பரில் பே பாலம் வந்தது, 1937 மே மாதம் கோல்டன் கேட் பாலம் வந்தது. இருபது ஆண்டுகளில் படகுகள் ஓய்ந்தன. 1958-இல் விரிகுடாவைக் கடந்த கடைசி ரயில்வே படகும் நின்றது. மாளிகையை அலுவலகங்களாகத் தடுத்தார்கள். அதன் முகத்துக்கு நேரே இரண்டு அடுக்கு மேம்பாலச் சாலை ஒன்றை எழுப்பி, நகரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சிமெண்ட் சுவரை வைத்தார்கள்.

1989 அக்டோபர் 17 அன்று நிலநடுக்கம் வந்து பே பாலத்தின் ஒரு பகுதி விழுந்தது. பாலம் ஒரு மாதம் மூடிக்கிடந்தபோது படகுகளை அவசர அவசரமாகத் திரட்டிக் கொண்டுவந்தார்கள். அப்போது நகரம் ஒன்றைக் கண்டுகொண்டது: படகு எங்கிருந்தும் கிடைக்கும், துறை கிடைக்காது. விற்கவோ வாடகைக்கு விடவோ செய்யலாம் என்பதால் படகை எந்தத் துறைமுகத்திலிருந்தும் வரவழைத்துவிடலாம். ஆழமான நீர், உறுதியான தூண், மக்கள் நிற்க இடம், பேருந்து வந்து திரும்ப இடம் இவற்றை ஒரு வாரத்தில் உண்டாக்க முடியாது. சேதமான மேம்பாலச் சாலையை 1991-இல் இடித்தார்கள். 2003-இல் மாளிகை காய்கறிச் சந்தையும் உணவுக்கடைகளுமாகத் திரும்பத் திறந்தது. அதன் பின்புறத்தில் புதிய அணைமேடைகள் சேர்க்கும் விரிவாக்கம் 2020-இல் நிறைவேறியது. அந்த விரிவாக்கத்தில் கடல்மட்டம் உயர்வதைக் கணக்கில் எடுத்துத் தரையை உயர்த்தினார்கள். அடுத்த பேரிடரில் பெருங்கூட்டத்தைத் திரட்டி நிறுத்தும் வெளியாகவும் அதை அமைத்தார்கள். பாலம் வந்துவிட்டது, இனித் துறை எதற்கு என்று கேட்கும் எந்த நகராட்சிக்கும் இந்த ஒரு ஊரின் வரலாறு போதிய பதில்.

ஹாங்காங்கில் நடந்தது வேறு. அங்கே ஸ்டார் ஃபெர்ரி வெறும் படகு நிறுவனமாக இருந்ததில்லை; 1966-இல் அதன் முதல் வகுப்புக் கட்டணத்தை ஐந்து சென்ட் உயர்த்த முனைந்ததற்குத் தெருவில் கலவரமே வெடித்தது. 1972-இல் துறைமுகத்தின் அடியில் சாலைச் சுரங்கம் வந்தது, 1980-இல் ரயில் சுரங்கம் வந்தது. அவற்றுக்குப் பிறகும் படகு தாக்குப்பிடித்தது. 2006 நவம்பரில் கடலைத் தூர்க்கும் திட்டத்துக்காக எடின்பரோ பிளேஸ் துறையை மூடி, சில நூறு மீட்டர் தள்ளிப் புதிய துறைக்கு மாற்றினார்கள். இளைஞர்கள் அந்தத் துறையின் பழைய மணிக்கூண்டைக் காக்கப் போராடியது பலருக்கு நினைவிருக்கும். மணிக்கூண்டைவிடப் பெரிய இழப்பு அந்தச் சில நூறு மீட்டர்தான். அலுவலகத்திலிருந்து இறங்கி நேரே படகுக்குப் போனவர்கள் அதன்பின் வெயிலில் நடக்க வேண்டியதாயிற்று. பயணிகள் எண்ணிக்கை சரிந்தது. சுரங்கங்களையே தாங்கி நின்ற சேவையை ஐந்து நிமிட நடை ஆட்டிவிட்டது.

கொச்சிக்கு வருவோம். இங்கே படகுப் போக்குவரத்து புதிதாக வந்ததல்ல. கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை 1968 முதல் இருக்கிறது, அதன் தலைமையகம் ஆலப்புழையில். எர்ணாகுளம் போட் ஜெட்டியிலிருந்து கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் தலைமுறை தலைமுறையாகப் படகு ஓடுகிறது. 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் வந்து வைப்பினையும் வல்லார்பாடத்தையும் நகரத்தோடு இணைத்தபோது அந்தத் திசையில் படகுக் கூட்டம் குறைந்தது. பாலம் வந்ததில் தவறேதும் இல்லை. நோயாளியை நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு துறையில் நின்ற தீவுக்காரர்களுக்கு அது உயிர்வழி. பாலத்தோடு சாலை நெரிசலும் வந்தது. ஆண்டுக்கணக்கில் வைப்பின் தனியார் பேருந்துகள், நகருக்குள் நுழைய அனுமதி இல்லாமல், உயர் நீதிமன்றச் சந்திப்பில் பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பின. பாலம் கிடைத்தும் மக்கள் பாதி வழியில் வண்டி மாறினார்கள்.

பழைய முறையில் ஒரு படகு கரை சேர்வதைப் பார்த்தால் துறை ஏன் முக்கியம் என்று விளங்கும். படகு நெருங்கும்போது லஸ்கர் எனப்படும் படகுப் பணியாளர் வடத்தோடு விளிம்பில் நிற்பார். பக்கவாட்டில் தொங்கும் டயர்கள் சிமெண்டில் உரசியதும் தாவி இறங்கி, வடத்தைக் குற்றியில் சுற்றி இழுப்பார். வற்றம் என்றால் படகின் தளம் படியைவிடத் தாழ்ந்து கிடக்கும். ஏற்றம் என்றால் மேலே நிற்கும். கொச்சியில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான், ஆனால் முட்டி வலிக்கிற பாட்டிக்கு அரை அடியே பெரிது. படகுக்கும் படிக்கும் நடுவே ஒரு இடைவெளி அலையோடு அகன்று சுருங்கும். கூடையும் குழந்தையுமாக வருகிறவர் அந்த இடைவெளி சுருங்கும் கணத்துக்குக் காத்திருந்து கால் வைக்கிறார், யாரோ ஒருவர் கை கொடுக்கிறார். இளைஞர்கள் படகு நிற்குமுன்னே குதிக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் இந்தக் காட்சியில் இல்லவே இல்லை, அவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

நீர் மெட்ரோவின் மெய்யான புதுமை இங்கேதான். அதன் துறைகளில் கரைக்கட்டடத்துக்கு வெளியே மிதவை மேடை இருக்கிறது. தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும், வற்றினால் மேடையும் இறங்கும்; கரையையும் மேடையையும் ஒரு சாய்பாலம் இணைக்கிறது. எந்த நேரத்திலும் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். சக்கர நாற்காலி யாருடைய கையும் தேவைப்படாமல் உருண்டு உள்ளே போகும். படகு துறையில் நிற்கும் சில நிமிடங்களிலேயே மின்னேற்றமும் நடக்கிறது. லித்தியம் டைட்டனேட் வகை மின்கலம் என்பதால் 10 முதல் 15 நிமிடத்தில் நிரம்பிவிடும். ஆக, துறையே அதன் பெட்ரோல் பங்கும் ஆகிறது. மின்சாரப் படகு வாங்கப் போகும் ஊர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: துறைக்கு வரும் மின்தடத்தின் வலுதான் எத்தனை நிமிடத்துக்கு ஒரு படகு விடலாம் என்பதைத் தீர்மானிக்கும்.

டிக்கெட் கதவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கியூஆர் குறியீட்டைக் காட்டி உள்ளே போகும் ஒவ்வொருவரையும் கதவு எண்ணுகிறது. 100 பேர் கொள்ளும் படகுக்கு 100 ஆனதும் அது திறக்காது. கேரளத்தில் இந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு கனம் உண்டு என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். 2002 ஜூலை 27 அன்று முகம்மையிலிருந்து குமரகம் போன அரசுப் படகு கூட்டம் தாங்காமல் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அரசு வேலைக்கான தேர்வு எழுதப் புறப்பட்டவர்கள். 2015 ஆகஸ்ட் 26 அன்று கோட்டைக் கொச்சித் துறைக்குப் பக்கத்திலேயே பயணிகள் படகில் மீன்பிடிப் படகு மோதி 11 பேர் போனார்கள். நீர் மெட்ரோ தொடங்கி இரண்டே வாரத்தில், 2023 மே 7 அன்று, மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவு மீறி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். படகோட்டியைத் திட்டுவதும் கைது செய்வதும் எளிது. இன்னும் ஐந்து பேர் ஏறிக்கொள்கிறோமே என்று கெஞ்சும் கூட்டத்தை எந்தப் படகோட்டியாலும் மறுக்க இயலாது; மூடிய கதவால் இயலும். எண்ணும் வேலையைப் படகிலிருந்து கரைக்கு மாற்றியது கொச்சி செய்த மிகப் பெரிய பாதுகாப்புச் சீர்திருத்தம் என்று நான் கருதுகிறேன். உயிர்காப்பு உடை, இரவுக் கேமரா எல்லாம் இதற்கு அடுத்த படியில்தான்.

மிதவை மேடைக்கும் எதிரி உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1996 முதல் சிட்டிகேட் படகுகள் ஆற்றில் ஓடுகின்றன. 2011 ஜனவரி வெள்ளத்தில் பல துறைகளின் மிதவைகள் பிய்த்துக்கொண்டு போயின. மரமும் குப்பையும் ஒரு பக்கம் அடைய, நீரின் அழுத்தம் தாளாமல் கட்டமைப்பே பெயர்ந்தது. மறுபடி கட்டியபோது அதே துறையை இன்னும் கனமாகக் கட்டவில்லை. மேல்நீர்ப் பக்கம் ஒரு பெரிய தூணை நட்டு, வரும் குப்பையை அது பிளந்து விலக்கும்படி செய்தார்கள். வெள்ளம் மிஞ்சினால் சாய்பாலம் கரையிலிருந்து தானே கழன்று, ஓட்டத்தின் திசையில் திரும்பிக் கிடக்கும்படி அமைத்தார்கள். வெள்ளம் வடிந்ததும் இழுத்து மாட்டிக்கொள்ளலாம். கொச்சியின் தொல்லை இவ்வளவு வன்மையானதல்ல, ஆனால் ஓயாதது. மழைக்காலத்தில் காயலில் உப்பு குறைந்ததும் ஆகாயத்தாமரை பாய்விரித்து மிதந்து வரும்; துறையின் மூலையில் அடையும், உந்துவிசிறியில் சுற்றும். அதை அள்ளுவதற்கு ஆளும் பணமும் ஆண்டுதோறும் வேண்டும். கட்டுமானச் செலவுக்குக் கடன் தர ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி முன்வந்தது. களை அள்ளும் கூலிக்கு எந்த வங்கியும் கடன் தராது. துறைகள் பாழாவது பெரும்பாலும் இந்தச் சிறு செலவில்தான்.

இனி, துறை யாருக்காக என்ற கேள்வி. கொச்சித் திட்டத்தின் முழு அளவு 38 துறைகள், 78 படகுகள், 10 தீவுகள். செலவு சுமார் 1,137 கோடி ரூபாய். சொல்லப்பட்ட நோக்கம் தீவு மக்களின் வாழ்வு. ஆறு மாதத்துக்குள் 10 லட்சம் பேர் பயணம் செய்தார்கள், அது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் 2024 இறுதி வரையிலும் திறந்த துறைகள் பத்தை ஒட்டியே நின்றன. நிலம் கிடைப்பதில் தாமதம், கடற்கரை ஒழுங்குமுறை அனுமதிகள், ஒப்பந்ததாரர் சிக்கல் என்று காரணங்கள் உண்டு. 2024 ஏப்ரலில் கோட்டைக் கொச்சித் துறை சீனவலைகளுக்கு அருகே திறந்தது முதல் விடுமுறை நாள்களில் அங்கே வெளியூர்க்காரர்களின் வரிசை நீள்கிறது. சுற்றுலாப் பயணியின் பணமும் பணம்தான், அது தேவை. அவருக்கு அரைமணி காத்திருப்பது ஒரு பொருட்டில்லை, அதுவும் உலாவின் ஒரு பகுதி. எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு அதே அரைமணி ஒரு நாள் சம்பளம். 100 பேர் மட்டுமே ஏறக்கூடிய படகில் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், விட்டுக்கொடுத்து விலகிப் போவது அந்தப் பெண்தான். மாதச் சீட்டு வைத்திருப்பவருக்குக் காலையிலும் மாலையிலும் தனி வாயில் விட்டால் இது பெருமளவு தீரும். இதற்குத் தேவை ஒரு கதவும் ஒரு ஆணையும்.

கட்டணமும் துறையின் கதைதான். பழைய அரசுப் படகில் ஆறு ரூபாய்க்குப் போகலாம் என்ற இடத்தில் நீர் மெட்ரோ 20 முதல் 40 ரூபாய் கேட்கிறது. 600 ரூபாய் மாதச் சீட்டில் 50 முறை போகலாம், அப்போது ஒருமுறைக்கு 12 ரூபாய் விழும். இரண்டு துறைகளும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் ஏழைக்கு ஒன்று, வசதியானவருக்கு ஒன்று என்று பிரிந்துபோகும் அபாயம் கண்ணெதிரே தெரிகிறது. பாட்டிக்கு மிதவை மேடை தேவை, ஆனால் அவர் கையில் இருப்பது ஆறு ரூபாய். நீர் மெட்ரோவின் மேடைகளில் அரசுப் படகுகளும் அணைய இடம் கொடுப்பதும், இரண்டுக்கும் ஒரே சீட்டு என்பதும் தொழில்நுட்பத்துக்கு எட்டாதவை அல்ல. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகு 1997 முதல் கட்டணமே இல்லாமல், இரவு பகல் ஓயாமல் ஓடுகிறது. 1991-இல் தீக்கிரையான அதன் வைட்ஹால் துறையை 2005-இல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். பாதாள ரயில் நிலையம் அதன் வாசலிலேயே. தீவில் குடியிருப்பவரும் நகரத்தின் குடிமகன் என்று ஒரு மாநகரம் ஏற்றுக்கொண்டதன் பொருள் அது.

துறையிலிருந்து அடுத்த வண்டி என்ற விஷயத்தில் கொச்சியிலேயே நல்லதும் கெட்டதும் ஒரே வழித்தடத்தின் இரு முனைகளில் இருக்கின்றன. வைற்றிலாவில் பேருந்து நிலையம், மெட்ரோ ரயில், படகு மூன்றும் நடந்து சேரும் தூரத்தில். மறுமுனை காக்கநாடு, பெயரைக் கேட்டால் இன்போபார்க் மென்பொருள் வளாகத்தின் வாசலில் இறக்கிவிடும் என்று தோன்றும், ஆனால் துறை சிற்றேற்றுக்கரையில், அலுவலகங்களுக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் மெட்ரோ நிறுவனம் மின்சார இணைப்புப் பேருந்துகளை விட்ட பிறகு நிலைமை சீரானது. படகு வரும் நேரத்துக்குப் பேருந்து காத்து நிற்கும் வரை இந்த ஏற்பாடு செல்லும். பேருந்தின் நேர அட்டவணையைப் படகைப் பார்க்காமல் வேறு யாரோ எழுதினால் பழையபடி ஆகிவிடும்.

பாலமே வர முடியாத இடங்களில் துறையின் கடமை இன்னும் கனக்கிறது. யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரப் படகு. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் அன்றாடம் அதில்தான் போகிறார்கள், நோயாளிகள் அதில்தான் வருகிறார்கள். அங்கே துறையில் நிழலும் கழிப்பறையும் உறுதியான படியும் இருப்பது வசதி சார்ந்த பேச்சே அல்ல, அந்தத் தீவில் ஆள் குடியிருப்பதா வேண்டாமா என்பது சார்ந்தது.

கொச்சியைப் பார்த்து இந்தியாவின் பல நகரங்களுக்கு இதே ஆசை வந்திருக்கிறது. அவற்றுக்குச் சாத்தியக்கூறு ஆராயும் வேலையும் கொச்சி மெட்ரோ நிறுவனத்திடமே வந்திருக்கிறது. கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் குறுக்கே ஏற்கனவே பெரும் படகுப் போக்குவரத்து உண்டு. 2024 மார்ச்சில் ஆற்றின் அடியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பின் அங்கே படகு தன் இடத்தை மறுபடி தேட வேண்டியிருக்கிறது. இந்த நகரங்கள் படகுக்கான டெண்டரை முதலில் விடும் என்றுதான் அஞ்சுகிறேன், ஏனென்றால் திறப்பு விழாவுக்குப் படகு அழகு. முதலில் செய்ய வேண்டியது வேறு: ஒவ்வொரு துறைக்கும் குறித்த இடத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் எத்தனை வீடு, எத்தனை வேலையிடம், எத்தனை பேருந்து நிறுத்தம் என்று எண்ணுவது, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டு எழுதுவது. மருத்துவமனையில் இரவு எட்டு மணி முறை முடிந்து வரும் செவிலியருக்கு ஏழரைக்குக் கடைசிப் படகு என்றால், காலையிலும் அவர் படகில் வரப்போவதில்லை. கொச்சியும் எஞ்சிய துறைகளில் தீவுக் கரைகளை முன்னுக்கு இழுத்து, வருமானம் குறைவாகத் தெரிகிற அந்த இடங்களில் முதலில் மேடையை இறக்க வேண்டும். கடனும் அனுமதியும் தீவு மக்களின் பெயரைச் சொல்லித்தான் வாங்கப்பட்டன.